எடுத்துக் கொடுப்பவள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். பாப்பாவுக்கு மட்டும் மூக்கடைப்பு. எட்டு மாதக் குழந்தைக்கு இதெல்லாம் சகஜம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? வார்டில் நர்ஸம்மாவைக் கொஞ்சமாவது உட்கார விடுகிறார்களா? அத்தானைக் கேட்டதாகச் சொல். பெரியவளின் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் என்ன ஆயிற்று?

கைக்குழந்தையோடு நாடகக் கொட்டகையில் உனக்கு என்னடி வேலை என்று கேட்டிருந்தாய். வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. பழைய ஆள் திடீரென்று ஊரைவிட்டுப் போய்விட்டார். நாடகத்தை எழுதி நடத்துகிறவரை இங்கே எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அவர்தான், "காலேஜ் படிச்ச பொண்ணு, நீயே உக்காரும்மா" என்று என்னை உட்கார வைத்துவிட்டார். படுதாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். மடியில் நாடகப் பிரதி. பக்கத்துக்குப் பக்கம் தணிக்கை அலுவலக முத்திரை. நடிகர் தடுமாறினால் அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லைக் கிசுகிசுக்க வேண்டும். பாப்பா பின்னால் துணிப்பெட்டிக்குள் தூங்குவாள்.

நாடகத்தில் ஒரு ராஜா. அவருக்குச் சவரம் செய்யும் நாவிதனாக இவர். ராஜா கேட்பார்: "வாசலில் என்ன சத்தம்?" இவர், "மக்கள், மன்னா" என்பார். "என்ன கேட்கிறார்கள்?" அதற்கு வாத்தியார் எழுதியிருந்த பதில், "நீங்கள் எப்போது போவீர்கள் என்று கேட்கிறார்கள்." தணிக்கையில் இந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அடுத்த வரி ராஜாவுடையது: "சரி, சவரத்தை முடி."

வாத்தியார் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? வரிதான் போயிற்று, வரிக்கு உண்டான நேரம் போகவில்லை என்றார். இப்போது ராஜா "என்ன கேட்கிறார்கள்?" என்று கேட்டதும் இவர் கத்தியைத் தூக்கியபடி சும்மா நிற்கிறார். நான் மனசுக்குள் பதினொன்று வரை எண்ணி, கையிலிருக்கும் வெள்ளைக் கைக்குட்டையை மடியில் வைப்பேன். வெளிச்சத்தில் இவருக்கு வேறு எதுவும் தெரியாது, அது மட்டும் தெரியும். கத்தியை இறக்குவார். முதல் நாள் மூன்று பேர் சிரித்தார்கள். இப்போது கொட்டகையே சிரிக்கிறது. தணிக்கை அதிகாரி மூன்றாம் வரிசையில் பென்சிலோடு பிரதியைப் பார்க்கிறார். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது. பாவம், என்ன செய்வார்?

எல்லோரும் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. இந்தச் சிரிப்புக்கு ஒருநாள் யாரையாவது பிடிப்பார்கள் என்றால், மேடையில் கத்தியோடு நிற்பவரைத்தானே பிடிப்பார்கள்? நான் எண்ணுவது எனக்கும் இவருக்கும் வாத்தியாருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பாப்பா விழித்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 20

ஏ வாயாடி,

உன் கடிதம் வந்த அன்று வார்டில் இரண்டு பிரசவம், ஒரு கால்முறிவு, ஒரு மாமியார் சண்டை. வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படித்தேன், இடுப்புவலி போன இடம் தெரியவில்லை. வாயை மூடி இருப்பதற்கு உன்னை வேலைக்கு வைத்திருக்கிறார்களே, அந்த வாத்தியாருக்கு நம் வீட்டில் யாரையாவது விசாரித்துவிட்டு வரத் தோன்றவில்லையா? சின்ன வயதில் நீ தூக்கத்தில்கூடப் பேசுவாய்.

பாப்பாவுக்கு வெந்நீர் ஆவி காட்டு. மூக்கில் எண்ணெய் விடாதே, எவள் சொன்னாலும் விடாதே. விரல் வைத்து மூச்சுப் பார்ப்பதை நிறுத்து, நீ வைக்கிற விரலாலேயே அவளுக்கு மூச்சு முட்டும். பெரியவளுக்கு இன்னும் ஒரு தகவலும் இல்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்ததுகளுக்கெல்லாம் ஓலை வந்துவிட்டது. இவள் தபால்காரரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

நாடக விஷயத்தை உங்க அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கைக்குட்டை இடம் வந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. எவ்வளவு நாளாயிற்று அவர் சிரித்து. தம்பியை நான் விசாரித்ததாகச் சொல். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவர் வீட்டில் ஒரு காயாவது நறுக்கித் தருகிறாரா?

ஒழுங்காகச் சாப்பிடு. பால் கொடுக்கிறவள் நீ.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு மூக்கு சரியாகிவிட்டது. உன் ஆவி வைத்தியம்தான். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்தத் தணிக்கை அதிகாரி மூன்றாம் வரிசையில் உட்காரவில்லை. நேராக மேடைக்குப் பின்னால் வந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா" என்றார். அந்தக் காட்சி வந்ததும் பிரதியைப் பார்க்கவில்லை, இவரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி என் கைக்குட்டையை வாங்கி, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஜலதோஷம் இல்லையே உங்களுக்கு?" என்று கேட்டார்.

அவருக்கு எப்படித் தெரியும் அக்கா? எத்தனை தடவை யோசித்தாலும் இதே இடத்தில் வந்து நிற்கிறேன்.

வாத்தியாருக்கு மேக்கப் அண்ணன் மேல் சந்தேகம். என் ஸ்டூலுக்கு எதிரே அரிதாரப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பாப்பா அழுதால் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருநாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உதடு அசையுதே, என்னம்மா ஜபம் பண்றே?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. கொட்டகையில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது, எடுத்துக் கொடுப்பவர் யார் என்று தெரியும், போட்டுக் கொடுப்பவர்தான் யாரென்று தெரியவில்லை என்று. என் முன்னால் சொல்லிச் சிரிக்கிறார்கள். யாரும் நிஜமாகச் சிரிக்கவில்லை.

இனிமேல் எண்ணிக்கை கிடையாது. வாத்தியார் வேறு ஏற்பாடு சொல்லியிருக்கிறார். ராஜா கேட்டதும் இவர் தோளிலிருக்கும் துண்டை எடுத்து, கத்தியை ஒரு பக்கம், மறு பக்கம், மறுபடி முதல் பக்கம் என்று மூன்று தடவை நிதானமாகத் துடைப்பார். வேலை செய்கிற மனுஷனை ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்க முடியாதே. மேக்கப் அண்ணன் காதில் விழாமல், கொட்டகைக்கு வெளியே மரத்தடியில் வைத்து எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். நாளை மறுநாள் முதல்.

பெரியவளுக்கு நல்ல சேதி வரும். எனக்குத் தெரியும்.

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் உன் நலமும் குழந்தையின் நலமும் அறிய விரும்புகிறேன். பெரியவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உன் அத்தானுக்கும் பதவி உயர்வு கிடைத்து, அலுவலகக் குடியிருப்பில் வீடு கொடுத்திருக்கிறார்கள். புது முகவரி உறையின் பின்பக்கம் உள்ளது.

நீளமாக எழுதாதே, எனக்குக் கண் எரிகிறது.

மேற்படி நாடகம் தொடர்ந்து நடைபெறுகிறதா? துண்டு சம்பந்தமான ஏற்பாட்டை மரத்தடியில் சொன்னபோது உங்கள் இருவரைத் தவிர வேறு யாரேனும் இருந்தார்களா? வாத்தியார் என்பவர் அடுத்து ஏதேனும் எழுதுகிறாரா? விவரம் தெரியப்படுத்தவும். உன்னைப் பற்றிய கவலையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியவளுக்கு இடம் கிடைத்த சேதியைப் படித்து அழுதுவிட்டேன். அவளுக்கு என் முத்தம். புது வீட்டில் எல்லோரும் சுகமாக இருங்கள். உன் கண்ணுக்கு என்ன? வார்டு டாக்டரிடம் காட்டு. நீளமாக எழுதாதே என்கிறாய், ஆனால் அத்தனை கேள்வி கேட்டிருக்கிறாய். எனக்கும் கொட்ட வேறு இடம் இல்லை.

ஆணை வந்துவிட்டது. எழுத்து மூலமாக. "சவரக்கத்தி, துண்டு ஆகிய பொருள்கள் மேடையில் இடம்பெறலாகாது." வாத்தியார் அதைப் படித்து மடித்து வைத்தார். அப்புறம், சரி, வெறுங்கையால் செய் என்றார். இவர் வெறும் விரலால் ராஜாவின் தாடையை வழித்துக் காற்றில் உதறுகிறார். ஆணைக்குக் கட்டுப்பட்ட நாவிதன். கொட்டகையில் சிரிப்பு நிற்க மூன்று நிமிஷம் ஆயிற்று. ஆனால் மறுநாளே வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. வந்ததும் செய்த முதல் காரியம், மேக்கப் அண்ணனை வேலையை விட்டு அனுப்பியது. அவர் அரிதாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னிடம் மட்டும், "கொழந்தைக்குச் சளி பிடிக்காம பாத்துக்கம்மா" என்றார். இப்போது சந்தையில் விற்கிற ஏதோ பவுடரை நாங்களே பூசிக்கொள்கிறோம். எல்லோர் முகமும் வெந்த மாவு மாதிரி இருக்கிறது.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இவரையும் கூப்பிட்டார்கள். வாத்தியாருக்கு இரண்டு நாள் ஆயிற்று, இவர் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். என்ன கேட்டார்கள் என்றால், "ஒண்ணுமில்ல, விடு" என்கிறார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாப்பாவோடு விளையாடப் போய்விட்டார். ஒன்றுமில்லாததற்கு எதற்குக் கூப்பிட வேண்டும்? மரத்தடியில் இருந்தது மூன்று பேர்தான். வாத்தியார் தன்னையே போட்டுக் கொடுத்துக்கொள்ள மாட்டார். நான் இல்லை. பாக்கி யார்? அவர் பாப்பாவைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்க்கிறேன். இப்படி ஒரு பெண்டாட்டி இருப்பாளா?

எனக்குப் புத்தி சொல் அக்கா. முன்னைப் போலத் திட்டி எழுது.

உன் தங்கை


மே 1

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைக்கப்பெற்றேன். சந்தேகம் என்று வந்துவிட்டால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. மாப்பிள்ளை யாரைச் சந்திக்கிறார், எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்பதைத் தேதிவாரியாகக் குறித்து அனுப்பவும். வாத்தியார் பற்றியும் மேற்படி விதமாகவே. உன் நன்மைக்காகவே சொல்கிறேன்.

குழந்தைக்குப் பல் முளைத்ததா?

இப்படிக்கு,
அன்பு அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் வந்திருக்கிறது.

நீ கேட்ட விவரம். இவர் எங்கும் போவதில்லை. கொட்டகை, வீடு. அடுத்த சனிக்கிழமை முதல் புது ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இனி அந்தக் காட்சியில் நிறுத்தம் கிடையாது. அதற்குப் பதில் அதற்கு முந்தைய காட்சியில் ராஜா தும்முவார். தும்மினால், வெட்டிய வரி இங்கே இருந்தது என்று ஜனங்கள் புரிந்துகொள்வார்களாம். வேறொன்றும் இல்லை.

உன் தங்கை


ஜூன் 2

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அத்தான், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எல்லோரும் சுகமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. மன்னிக்க வேண்டும்.

மே மாதம் முதல் வாரத்தில் அக்காவின் கடிதம் மேசை மேல் இருந்தது. இவர் எடுத்துச் சத்தமாகப் படித்தார். நடிகர் இல்லையா, எதையும் சத்தமாகத்தான் படிப்பார். இரண்டாவது வரியிலேயே அவர் குரல் தானாக ஒரு ஆபீஸ் குமாஸ்தா குரலாக மாறிவிட்டது. "உங்க அக்கா எப்ப ஆபீஸ்ல சேந்தாங்க?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி படித்தேன்.

அக்கா, நீ பிறந்ததிலிருந்து "மேற்படி" என்று ஒரு தடவை சொல்லியிருப்பாயா? அது அத்தானின் ஆபீஸ் பேச்சு. இவரை நீ என்றைக்காவது மாப்பிள்ளை என்று அழைத்ததுண்டா? கல்யாணத்தன்றிலிருந்து தம்பிதானே. மூன்று மாதமாக என் வேலையே, யார் பேசுவது அவரவர் வசனம், யார் பேசுவது இன்னொருவர் எடுத்துக் கொடுத்தது என்று காதால் கண்டுபிடிப்பது. என் சொந்த அக்காவிடம் அதைக் கோட்டைவிட்டேன். எல்லாக் கடிதத்தையும் தேதியோடு வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான் கைக்குட்டை பற்றி எழுதினேன், கைக்குட்டையைப் பிடுங்கினார்கள். துண்டு பற்றி எழுதினேன், துண்டுக்குத் தடை. மேக்கப் அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. இவரும் ஒன்றும் செய்யவில்லை. கூப்பிட்ட அன்றைக்கு அவரிடம் இனி மேடையில் கையை அசைக்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கினார்களாம். அந்தக் கேவலத்தை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆனாலும் எனக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. அதனால் இல்லாத ஒன்றை எழுதினேன். தும்மல். ராஜா வேஷம் போடுகிற பெரியவர் முப்பது வருஷத்தில் மேடையில் ஒரு இருமல்கூட இருமியதில்லை. அதைத் தன் பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். நடக்காத காரியம் என்று.

சனிக்கிழமை முன்வரிசையில் புதிதாக நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பிரதியோ பென்சிலோ இல்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என் பரீட்சை முடிந்தது, பதில் கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. அந்த நிமிஷம்தான் என்னைத் தூங்க விடவில்லை. முதல் காட்சி முடிந்தது. இரண்டாவதில் பெரியவர் கிரீடத்தைச் சரிசெய்தார். அந்தச் சந்தைப் பவுடர் நெற்றியிலிருந்து உதிர்ந்தது. தும்மினார். கொட்டகை அதிர்கிற மாதிரி ஒரு தும்மல். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் என்ன இருக்கிறது? அந்த நான்கு பேர் மட்டும் எழுந்தார்கள்.

கிரீடத்தோடு கூட்டிக்கொண்டு போனார்கள். "நான் என்ன தப்பு பண்ணேன், பவுடர் சார், பவுடர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு அரசியலே கிடையாது. தன் பெட்டி மூடியின் உள்பக்கம் ஆட்சியிலிருக்கும் தலைவரின் படத்தைத்தான் ஒட்டி வைத்திருப்பார். அதையும் கிண்டலுக்கு ஆதாரம் என்று உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கொட்டகைக்குச் சீல் வைத்தாயிற்று. பதினைந்து நாளாகிறது. அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை.

அத்தான், நீங்கள் மேலே கொடுத்த சேதி பொய். அதைச் செய்தவள் நான். இதை எழுதி அனுப்புங்கள், என் பெயரையும் சேர்த்தே. கூப்பிட்டால் வருகிறேன். அவரை விடச் சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 27

வாயாடி,

இதைக் கொண்டுவருகிறவள் என் வார்டில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, காப்பி கொடுத்து அனுப்பு. நான் மருந்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. கண் எரிகிறது என்ற அந்த ஒரு வரியை அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது எழுதினேன். நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். இன்னும் நீளமாக எழுதினாய்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் கைக்குட்டைக் கதையை ஆபீஸில் டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறார், சிரிப்புத் தாங்காமல். அடுத்த வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பெரியவளின் விண்ணப்பம். அதை எங்கள் மேசை மேல் வைத்தார்கள். கொடுக்கவில்லை, வைத்தார்கள். உங்கள் கொழுந்தியாள் நன்றாகக் கடிதம் எழுதுவாராமே என்றார்கள். அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவர் சொன்னார், நான் எழுதினேன். நீ ஒரு பிள்ளை பெற்றவள். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்கு அது வேண்டாம்.

இப்போது விஷயம். உன் ஜூன் மாதக் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. தபால்காரரிடம் நானே வாங்கி அடுப்பில் போட்டேன். அது மேலே போனால் உன்னை வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான் நடக்கும். அந்தப் பெரியவருக்கு வயதாகிவிட்டது, கேட்க ஆளில்லை. உனக்குப் பத்து மாதத்தில்... இல்லை, பதின்மூன்று மாதம் ஆகிறதோ பாப்பாவுக்கு? நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இனி அந்த மாதிரி எழுதாதே. எழுதினால் அதையும் எரிப்பேன்.

பால் நிறுத்திவிடாதே. இரண்டு வயது வரை கொடு.

அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா சுகம். கிழங்கு மசித்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள், இரண்டு அடி நடந்து மூன்றாவது அடியில் உட்கார்ந்துவிடுகிறாள். பதின்மூன்று மாதம் சரிதான். நீயும் பெரியவளும் நலமாக இருங்கள். அத்தானும்.

உன் கடிதத்தை மூன்று தடவை சத்தமாகப் படித்துக் கேட்டேன். இது உன் வசனம்தான் என்று காது சொல்கிறது. மனசு இன்னும் நம்பவில்லை. யாராவது உன்னை மருந்து அறையில் உட்கார வைத்து, இந்தத் தடவை உன் மாதிரியே எழுது என்று சொல்லியிருந்தால்? என்னை இப்படி யோசிக்க வைத்ததற்காக உன் மேல் கோபமாக இருக்கிறேன். மற்றதற்கு இல்லை.

மேக்கப் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாதிக் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று மூடிக்கொண்டார்.

அந்தப் பெரியவருக்குக் கேட்க ஆளில்லை என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாற்றுத் துணி எடுக்க அவர் அறைக்குப் போனேன். கீழ்வீட்டில் துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பதினாறு வருஷமாக மத்தியானச் சோறு அவர் வீட்டில்தானாம். "நான் யாருன்னு போய்க் கேக்கறது? பொண்டாட்டின்னா கல்யாணச் சீட்டு கேப்பாங்க, அக்கான்னா அப்பா பேரு கேப்பாங்க. சோறு போட்டவன்னு சொன்னா உள்ள விடுவாங்களா?" என்றார். இன்னும் தினம் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாராம். அரிசி அள்ளும் கை அளவு மாறவில்லையாம்.

ஆறு நாளாகப் பாப்பாவுக்குப் பால் மறக்கடிக்கிறேன். நீ கொடு என்கிறாய், நான் நிறுத்துகிறேன். மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்து இன்றைக்குத்தான் குறைந்தது. முதல் மூன்று நாள் என் ரவிக்கையைப் பிடித்து இழுத்து அழுதாள். இவர் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடப்பார். அப்போதுதான் இவரிடம் சொன்னேன், நானே போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. முதலில் கத்தினார். அப்புறம் கெஞ்சினார்.

"நீ போனா உன்னையும் வச்சுக்குவாங்க."

"தெரியும்."

"அப்ப நான் போறேன். நாந்தானே மேடையில நின்னேன்."

"நீங்க நின்னீங்க. எழுதினது நான்."

அதற்கப்புறம் அவர் தடுக்கவில்லை. நேற்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தான் அதிகாரியாகி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார், பழக்கத்துக்காக. யார் சொல்லி எழுதினாய், ஏன் எழுதினாய், வேறு யாருக்குத் தெரியும். அந்தக் குரல் இவருக்கு இவ்வளவு கச்சிதமாக எப்படி வருகிறது என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். ஆனால் தோன்றியது. இது இனி போகாது போலிருக்கிறது.

நாளைக் காலை பத்து மணிக்கு, வாத்தியாரையும் இவரையும் கூப்பிட்ட அந்த அலுவலகத்துக்கு நானே போகிறேன். கடிதம் எழுதினேன், அதில் ஒரு பொய் எழுதினேன், அந்தப் பொய்க்காக ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று சொல்வேன். யாருக்கு எழுதினேன் என்று கேட்பார்கள். அவர்களுக்கே தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன் என்றாலும், உன் பெயர் என் வாயில் வரும். பெரியவளுக்கு அதனால் ஏதும் வந்தால் என்னைச் சபித்துக்கொள். உன்னைப் போலவே நானும் தெரிந்துதான் செய்கிறேன்.

இதை வழியில் தபாலில் போடுவேன். உன் கைக்கு வர நான்கு நாள் ஆகும். நீ இதை அடுப்பில் போடலாம், அத்தானுக்குப் படித்துக் காட்டலாம். எதைச் செய்தாலும் அதற்குள் நான் உள்ளே போயிருப்பேன். அதனால்தான் இந்தத் தடவை எல்லாவற்றையும் உள்ளபடி எழுத முடிந்தது.

நேற்று முதல் தடவையாகப் பாப்பா என்னைத் தேடாமல் தூங்கினாள். இவர் தோளில்.

பதில் எழுதினால் இவர் பெயருக்கு எழுது.

உன் தங்கை